புள்ளியில்லாத மட்ச்சும் ஒரு கதிரையும்

பீடங்களுக்கு இடையிலான போட்டி தொடங்க முதல் எங்கட பெடியள் ஒரு பிரக்டிஸ் மட்ச் வைப்பாங்கள். வெண்டாலும் கிண்ணம் இல்லை, தோத்தாலும் நட்டமில்லை. ஆனா பெரிய வாய்த்தர்க்கம் வாறது அதிலதான். இது ஏன் எண்டு யோசிக்கேக்க எனக்கு ஏதென்ஸ் நகரத்துக் கதையொன்று ஞாபகம் வரும்.

1986 இல் கிரேக்கத்தில் ‘அக்ரோபோலிஸ்’ கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கியது. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு முதல் தேசிய அணிகள் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளும் களம் அது. அடுத்த வருடமே கிரேக்கம் சோவியத் யூனியனை மேலதிக நேரத்தில் 103-101 என வென்று ஐரோப்பியச் சம்பியனானது. அந்த இறுதியாட்டத்தில் நிக்கோஸ் காலிஸ் 40 புள்ளிகள் எடுத்தார். அதுக்குப் பிறகு அந்த நாட்டில் கூடைப்பந்து வெறும் விளையாட்டாக இருக்கவில்லை.

இனி 2010 ஒகஸ்ட் 19. துருக்கியில் உலகக் கிண்ணம் தொடங்க இன்னும் ஒன்பது நாள்தான். கிரேக்கமும் சேர்பியாவும் மோதின. ரெண்டும் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவ நாடுகள், தங்களைச் சகோதரர்கள் எண்டு சொல்லிக்கொள்பவை. சேர்பியாவின் மிலோஷ் தியோடோசிச், கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் கழகத்துக்கு ஆடியவர். எதிரணியில் நின்ற பூரூசிஸ் அந்தக் கழகத்தில் அவருடைய சக வீரர்.

கிரேக்கம் 74-73 என முன்னிலை. மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். தியோடோசிச்சும் கிரேக்க வீரர் ஃபொட்சிஸும் தள்ளுப்பட, இரண்டு அணியும் கைகலப்பில் இறங்கியது. சேர்பியாவின் நெனாட் கிறிஸ்டிச் ஒரு கதிரையைத் தூக்கி எறிந்தார். அது பூரூசிஸின் தலையில் பட்டது. ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. கிறிஸ்டிச்சுக்கு அண்டைய இரவு பொலிஸ் காவலில்.

‘பிரக்டிஸ் மட்ச்தானே’ எண்டு சர்வதேசச் சம்மேளனம் விட்டுவிடவில்லை. உலகக் கிண்ணத்தில் கிறிஸ்டிச்சுக்கு மூன்று ஆட்டத் தடை. தியோடோசிச்சுக்கும், கிரேக்கத்தின் ஃபொட்சிஸ், ஸ்கோர்ட்சானிடிஸ் ஆகியோருக்கும் தலா இரண்டு. புள்ளியில்லாத ஆட்டத்தின் கணக்கு, புள்ளியுள்ள ஆட்டத்தில் தீர்க்கப்பட்டது. கிறிஸ்டிச், தியோடோசிச் இருவரும் இல்லாத சேர்பியா, ஜேர்மனியிடம் இரண்டு மேலதிக நேரங்களுக்குப் பிறகு 82-81 எனத் தோற்றது.

ஆனா இதை ‘குற்றமும் தண்டனையும்’ கதையாக மட்டும் முடிச்சால் வரலாறு பிழைச்சுப் போகும். சேர்பியா அந்தக் குழுவில் எப்படியோ முதலிடம் பெற்றது. தடை முடிந்து வந்த தியோடோசிச், காலிறுதியின் கடைசி விநாடிகளில் தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிந்து, நடப்புச் சம்பியன் ஸ்பெயினை 92-89 என வெளியேற்றினார். கிரேக்கத்தையும் அதே ஸ்பெயின்தான் முந்தின சுற்றில் அனுப்பியிருந்தது.

சண்டைக்குக் காரணம் பழைய பகை எண்டு சொல்ல ஏலாது. எனக்குப் படுறது வேற. புள்ளி இல்லாத இடத்தில தோல்விக்கு விலை இல்லை. அதால கோபத்துக்கும் விலை இல்லை எண்டு நினைச்சுடுறம். அண்டைக்கு ஒரே கழகத்தில ஒண்டாக ஆடினவையும் எதிரெதிரே நிண்டிச்சினம்.

இண்டைக்கு அந்தச் சுற்றுப்போட்டியை யார் வெண்டது எண்டு கேட்டா பலருக்குத் தெரியாது. கதிரையை எறிஞ்சது யார் எண்டு கேட்டுப் பாருங்கோ.