எரிமலைக்கு ஏறிய ரயில்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரை அடுத்து நிற்கும் வெசுவியஸ், 1631இன் பெருவெடிப்பிலிருந்து 1944 வரை நீண்டகாலம் அடங்கிக் கிடந்ததே இல்லை எனலாம். பெரும்பாலான ஆண்டுகளில் அதன் வாய் திறந்தே இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கற்களை வீசியெறியும். விளிம்பில் பிளவு விட்டால் லாவா வழியும். இரவில் நகரத்து மாடிகளிலிருந்தே சிவப்பு ஒளி தெரியும். ஆனாலும் துணிந்தவர்கள் கிட்டத்தில் போய் நிற்கலாம். அந்த மிதமான சீற்றத்தை நம்பியே ஒரு சுற்றுலாத் தொழில் வளர்ந்தது.

18ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயர் தேடித் தந்தவர் வில்லியம் ஹாமில்டன். 1764இல் பிரிட்டிஷ் தூதராக நேப்பிள்ஸ் வந்த அவர், மலைமீது பலமுறை ஏறிக் குறிப்பெடுத்தார். ஓவியர் பியெத்ரோ ஃபாப்ரிஸ் வரைந்து, கையால் வண்ணம் தீட்டப்பட்ட 54 படங்களுடன் ‘காம்பி ஃபிளெக்ரேயி’ நூலை 1776இல் வெளியிட்டார். அவற்றில் ஒரு படம் 1771 மே மாதத்து இரவு ஒன்றைக் காட்டுகிறது: லாவா அருவியாகக் கொட்ட, நேப்பிள்ஸ் அரசரையும் அரசியையும் ஹாமில்டன் அழைத்துப்போய்க் காட்டுகிறார். எரிமலையை அறிவியலுக்காகப் பார்ப்பதற்கும் காட்சிக்காகப் பார்ப்பதற்கும் அன்று இடைவெளி இருக்கவில்லை.

மலையடிவாரத்து ரெசினா, போர்த்திச்சி ஊர்க்காரர்களுக்கு இந்த மலையே பிழைப்பானது. கோவேறு கழுதையில் பாதித் தூரம். வழியில் துறவி ஒருவரின் குடிலில் இளைப்பாறலும் ‘லாக்ரிமா கிறிஸ்தி’ திராட்சை மதுவும். அதற்கு மேலே கால் புதையும் சாம்பல் சரிவு. வழிகாட்டி இடுப்பில் தோல்பட்டை கட்டி முன்னே ஏறுவார்; பின்னால் வருபவர் அதைப் பற்றிக்கொண்டு ஊன்றுகோலோடு ஏற வேண்டும். 1787இல் கவிஞர் கெதே ஏறியதும் இப்படித்தான். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் அவகாசத்தில் அவர் வாய் விளிம்பு வரை போய்த் திரும்பினார். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லத் தனி ஆட்கள் இருந்தார்கள். உச்சியில் இளகிய லாவாவைக் கோலால் பெயர்த்தெடுத்து, நாணயத்தை அதில் அழுத்தி, ஆறவிட்டு நினைவுப்பொருளாக விற்றார்கள். வழிகாட்டிகளின் கைத்திறனுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆபத்து எப்போதும் கூடவே இருந்தது. 1872 ஏப்ரல் 26 அன்று, வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தைத் திடீரெனப் பிளந்த சரிவும் லாவாவும் வளைத்துக்கொள்ள, மருத்துவ மாணவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். மலைமீதே 1841இல் நிறுவப்பட்ட ஆய்வகத்தில் அதன் இயக்குநர் லூயிஜி பால்மியேரி அப்போதும் இடம்விட்டு நகராமல் கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த எட்டே ஆண்டுகளில் அதே மலையின் உச்சிக்கு ரயில் போட்டார்கள். நிதி முதலீட்டாளர் எர்னஸ்டோ ஓப்லீக்ட் முயற்சியில், 1880 ஜூனில் அது ஓடத் தொடங்கியது. பழனி மலை விஞ்ச் போன்ற ஏற்பாடுதான்: கம்பிவடத்தால் இழுக்கப்படும் இரண்டு பெட்டிகள், ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். வடத்தை இழுக்கும் நீராவி எந்திரம் கீழ் நிலையத்தில் இருந்தது. பாதை சுமார் 800 மீட்டர்தான். ஆனால் சரிவு சில இடங்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். சாம்பல் மண்ணில் மரத்தூலங்கள் பாவி, ஒவ்வொரு பாதைக்கும் ஒற்றைத் தண்டவாளம் பொருத்தியிருந்தார்கள். பெட்டிகளின் பெயர்கள் எட்னா, வெசுவியோ. அதே ஆண்டு லூயிஜி தென்சா இசையமைத்த ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’ பாட்டு இந்த ரயிலைப் பாடியதுதான். பாட்டு உலகம் முழுவதும் பரவியும் ரயில் லாபம் காணவில்லை.

1880களின் பிற்பகுதியில் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் அதை வாங்கியது. சுமந்தும் இழுத்தும் பிழைத்த வழிகாட்டிகளுக்கு ரயில் வயிற்றில் அடித்தது போலாயிற்று. பயணி ஒவ்வொருவருக்கும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அவர்கள் மல்லுக்கு நின்றார்கள். நிலையத்துக்குத் தீ வைத்ததாகவும் வடத்தை அறுத்ததாகவும் அக்காலச் செய்திகள் சொல்கின்றன. தலைமுறைகளாகப் பாதையைக் காத்தவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. கடைசியில் குக் நிறுவனம் அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. நகரத்திலிருந்து கீழ் நிலையத்துக்குக் குதிரை வண்டியில் மணிக்கணக்காக வரவேண்டிய சிரமமும் 1903இல் தீர்ந்தது. ரெசினாவிலிருந்து மின்சார ரயில் வந்தது. செங்குத்தான பகுதியில் பல்சக்கரம் கோத்து ஏறும் அந்தப் பாதைக்குச் சொந்த மின் நிலையமும், வழியில் ஒரு ஹோட்டலும் இருந்தன.

மூன்றாண்டுகூட முழுதாக ஓடவில்லை. 1906 ஏப்ரலில் வெடித்த வெசுவியஸ், உச்சியில் 100 மீட்டருக்கும் மேல் இழந்தது. மலையேறும் ரயிலும் மேல் நிலையமும் அழிந்தன. ஆனால் பெரிய இழப்பு ஊர்களில்தான்: சான் ஜூசெப்பேயில் சாம்பலின் பாரம் தாங்காமல் தேவாலயக் கூரை இடிந்து, உள்ளே தஞ்சம் புகுந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதையை மறுபடி கட்டினார்கள், 1911இல் மண்சரிவு சேதப்படுத்தியது, அதையும் சீர்செய்தார்கள்.

1944 மார்ச்சில், உலகப் போரின் நடுவே, மலை கடைசியாகப் பொங்கியது. சான் செபாஸ்தியானோ ஊரை லாவா மூடியது, அருகிலிருந்த அமெரிக்க விமானத்தளத்தின் குண்டுவீச்சு விமானங்கள் சாம்பலில் பாழாயின, ரயில் பாதையும் போயிற்று. இம்முறை அதை மீண்டும் கட்டவில்லை. 1953இல் வந்த தொங்கு நாற்காலி இழுவை 1984 வரை ஓடியது. ஆனால் அதில் ஏறியவர்கள் பார்த்தது வாய் அடைத்த மலையை, பிளவுகளில் கசியும் ஆவியை மட்டுமே. இன்று வாகனங்கள் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை செல்கின்றன, மீதி நடை. வெசுவியஸ் 1995 முதல் தேசியப் பூங்கா. 1841இல் தொடங்கிய ஆய்வகம் இப்போது நேப்பிள்ஸ் நகரிலிருந்து இரவும் பகலும் மலையைக் கண்காணிக்கிறது. அடிவாரத்தில் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள்.