சமஷ்டி: இலங்கை அரசியல் வழக்கு

சமஷ்டி என்பது மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே பங்கிட்டுக் கொடுக்கும் ஆட்சிமுறை. நூறாண்டாக இலங்கையில் இந்த வரையறை மாறவில்லை; சொல் எழுப்பும் அச்சமே மாறியது. இன்று தெற்கில் பிரிவினையின் மறுபெயராகக் கருதப்படும் சமஷ்டியை ஓர் அமைப்பின் கோரிக்கையாக முதலில் முன்வைத்தது வடக்கன்று, கண்டி.

கண்டியரின் வாதம் 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. அதில் ஒப்பமிட்ட பிரதானிகளுள், கொழும்பு–கண்டி வீதியிலுள்ள பிலிமத்தலாவையின் பெயர் தாங்கிய குடும்பத்தாரும் இருந்தனர். பௌத்தத்தையும் நாட்டு வழமைகளையும் காப்பதாக ஆங்கிலேயர் அதில் வாக்களித்தனர். 1817–18 கிளர்ச்சிக்குப் பின் அந்த வாக்கு தேய்ந்தது. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தம் கண்டி மாகாணங்களைக் கரையோரத்தோடு ஒரே நிர்வாகத்தில் இணைத்தது. ஆங்கிலக் கல்வியிலும் வணிகத்திலும் முந்திய கரையோரச் சிங்களவர் மலைநாட்டில் காணி வாங்கினர், உத்தியோகம் பெற்றனர், 1920களில் கண்டித் தொகுதிகளிலேயே போட்டியிட்டனர். இந்த மனத்தாங்கலில் பிறந்த கண்டிய தேசிய பேரவை, 1927இல் ஆங்கிலேயர் அமைத்த டொனமூர் ஆணைக்குழு முன் கண்டி, கரையோரம், வடக்கு–கிழக்கு என மூன்று அலகுகள் கொண்ட சமஷ்டியைக் கோரியது. ஆணைக்குழு இணங்கவில்லை. (தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை தருவதைக் கண்டியத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அவர்களது சமஷ்டியில் அம்மக்களுக்கு இடமில்லை.) 1926இலேயே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சமஷ்டி முறையை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதினார், யாழ்ப்பாணத்தில் பேசினார். அவரை எவரும் நாட்டைத் துண்டாட வந்தவர் என்று தூற்றவில்லை.

1949 டிசம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி அதே கோரிக்கையை ஏந்தியதும் சொல்லின் நிறம் மாறிற்று. 1957இல் பிரதமராயிருந்த பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா உடன்பாடு அதிகாரப் பகிர்வில் பிராந்திய சபைகளுக்கு மேல் எதையும் தரவில்லை. சமஷ்டி பற்றிப் பேச இயலாதெனப் பிரதமர் கூறியதும் பதிவாகியுள்ளது. அப்படியிருந்தும் எதிரணியின் ஜே. ஆர். ஜயவர்தன உடன்பாட்டை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் மறிக்கப்பட்ட அந்த யாத்திரை பிலிமத்தலாவையை எட்டவேயில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்கவே உடன்பாட்டைக் கைவிட்டார். ஆக, சமஷ்டி அல்லாத ஒன்றும் சமஷ்டியாகவே எதிர்க்கப்பட்டது.

கண்டியர் கேட்டது பிரதேச உரிமை, தமிழர் கேட்டது இன உரிமை என்று வேறுபடுத்துவோர் உண்டு. ஆனால் கண்டியரும் தம்மைத் தனி மக்களினமாகவே எடுத்துரைத்தனர். அவர்கள் வரைந்த மூன்றாவது அலகு தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியே. தமிழரசுக் கட்சியின் பெயரிலுள்ள ‘அரசு’ தனிநாட்டையே குறிக்கிறது என்பது வலுவான ஆட்சேபம். தமிழ்க் கட்சிகளின் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டதால் அந்த ஐயம் ஆழமானது என்பதையும் மறுக்க இயலாது. எனினும் அத்தீர்மானம் சமஷ்டியின் தொடர்ச்சியன்று, அது கிட்டாது என்ற முடிவிலிருந்து வந்தது. தனிநாடு கோருவதைத் தடைசெய்யும் 1983 ஆறாவது திருத்தத்தின் கீழ்த் தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2017 ஓகஸ்ட் 4 அன்று உயர் நீதிமன்றம் சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் மேடைப் பேச்சில் பிரிவினை என்ற பொருளே நிலவுகிறது.