பட்டிப்பொலவின் உயரமும் கொழும்பின் தரமும்

இலங்கையின் அதியுயர் புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். நுவரெலியா நகரையும் விடச் சற்று உயரம். நிலையத்தில் அவ்வுயரத்தை அறிவிக்கும் பலகை ஒன்று உண்டு. வண்டி சற்றுத் தாமதித்தால் போதும், பயணிகள் இறங்கி ஓடிப்போய் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

2018ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கொழும்பு வண்டி அங்கே எதிர்வண்டிக்காகக் காத்து நின்றது. நானும் கால்களை நீட்ட இறங்கினேன். பக்கத்தில் கொழும்பு இளைஞர் ஒருவர் கைபேசியில் கண்ட செய்தியை உரத்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். மேர்சர் நிறுவனத்தின் வாழ்க்கைத் தரப் பட்டியலில் உள்ள 231 நகரங்களுள் கொழும்புக்கு 137ஆம் இடம். ஹைதராபாத்துக்கும் புனேக்கும் 142. "தெற்காசியாவில் நாங்கள்தான் முன்னுக்கு" என்றார். மேடையில் நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சாவதானமாகக் கேட்டார்:

"தம்பி, அந்தக் கணக்குல எங்களுக்குப் பேரு விழுந்திருக்கா?"

தோட்ட வழக்கு அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்கு வந்தால் அன்றைக்குப் 'பேர்' விழும், குறைந்தால் அரைப்பேர்.

மேர்சர் பட்டியலைப் பொறுத்தவரை விடை எளிது: விழவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தம் அலுவலரை அந்நிய நகரொன்றுக்கு அனுப்புகையில் எவ்வளவு படி வழங்கலாம் என்று கணக்கிடுவதற்கு உதவும் பட்டியல் அது. வனாத்தமுல்லையில் குழாயடியில் நிற்பவருக்கும் அதில் இடமில்லை. வாசித்துக் காட்டிய இளைஞருக்கும் இல்லை. வந்து தங்குபவரின் சௌகரியத்தைக் கொண்டு ஊரை எடைபோடுவது எமக்குப் புதிதுமல்ல. நுவரெலியாவின் பெருமை அவ்வாறு எழுந்ததே. சமவெளியின் காய்ச்சலில் நலிந்த ஆங்கிலேயர் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடமாக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பெயர் பெற்றது. 'லிட்டில் இங்கிலாந்து' என்ற புகழ் அதன் பின்னே வந்தது.

ஆனால் பெரியவரின் கேள்வி என்னை வேறொரு பட்டியலுக்கு இழுத்துச் சென்றது. அதில் எனக்கும் பங்குண்டு.

1979இல் அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாசிரியர் மொரிஸ் டேவிட் மொரிஸ், பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண் என்ற அளவுகோலை நூலாக வெளியிட்டார். சிசு மரணம், ஒரு வயதில் எஞ்சியுள்ள ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு ஆகிய மூன்றையும் சமமாகக் கூட்டிச் சராசரி கண்டு நூற்றுக்கு இத்தனை என்று நாடுகளுக்குப் புள்ளி வழங்குவது அது. இந்தியா நாற்பதுகளில் நின்றது. இலங்கை எண்பதைத் தாண்டியது. அப்போது நான் பத்திரிகையொன்றில் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். 'ஏழை நாடு, சிறந்த வாழ்வு' என்று தலைப்பிட்டுச் செய்தியை அச்சுக்கு அனுப்பியவன் நானே. பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1974இல், அதே நான் ஹட்டன் கடைவீதியில் தோட்டக் குடும்பங்கள் பிச்சைக்கு நின்றதைக் கண்டவன். உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று, அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தவர் வளவில் மரவள்ளி நட்டுத் தப்பினர். தோட்டத்தில் லயத்து வாசல் வரை தேயிலை. நடுவதற்கு நிலமில்லை, வேலைநாளும் குறைந்தது. அக்காலத்தில் தோட்டங்களில் சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு நூறைத் தாண்டியது. தேசியச் சராசரி ஏறக்குறைய அதில் பாதி. தலைப்பு எழுதும்போது இவ்விரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சராசரி இதை எவ்விதம் விழுங்குகிறது? 1971 குடிசன மதிப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 11.7 லட்சம், மொத்தத்தில் பத்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உதாரணத்துக்கு, ஒன்பது பங்கினரிடம் 45, ஒரு பங்கினரிடம் 100 என்று வைத்துக்கொண்டால் சராசரி 50 சொச்சம். அந்த ஐந்து புள்ளிக்குள் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள்.

பின்னர் அறிஞர்களிடையே விவாதம் எழுந்தது. வறிய நாடும் இலவசக் கல்வி, மருத்துவம், மலிவு அரிசி ஆகியவற்றால் மக்களை நெடுநாள் வாழவைக்க முடியும் என்பதற்கு அமர்த்தியா சென் 1981இல் இலங்கையைக் காட்டினார். 1960க்குப் பிந்திய முன்னேற்றம் அப்படியொன்றும் அபூர்வமல்ல என்று 1986இல் பல்லாவும் கிளுவியும் மறுத்தனர். அரசு செயலில் இறங்கியது 1940களில் என்பதால் கணக்கையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று சென் பதிலளித்தார். மலேரியா ஒழிப்புப் பணியோடு இறப்பு விகிதம் 1946இல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்து மறு ஆண்டே 14 ஆக இறங்கியதை எண்ணினால், சென் கூறியதில் நியாயம் உண்டு என்பேன்.

ஆனால் அந்த 1940களில் எமக்கு நேர்ந்தது வேறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோயின. 1952இல் அவ்வமைப்புக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில். உலகம் மெச்சிய சுட்டெண் உருவானது அந்த முப்பது ஆண்டுகளில்தான். வாக்கு இருந்த ஊருக்குப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் வந்தன. தோட்டத்தில் துரையின் டிஸ்பென்சரியும் ஒற்றை ஆசிரியர் பாடசாலையுமே இருந்தன. அப்பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்கவே எழுபதுகளின் பிற்பகுதி ஆயிற்று.

நிலைமை மாறவில்லை என்று கூறுவது பொய். சிசு மரணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. குடியுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. எனினும் 2016 சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாப் பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. நுவரெலியா மாவட்டத்திலும் 32தான். வறுமை 2019இல் நாட்டில் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8. உயரத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் மாவட்டத்தில் பிள்ளைகள் உயரம் குன்றி வளர்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அன்று மேடையில் நின்று நான் பேசவில்லை. எதிர்வண்டி வந்து சேர்ந்தது. இளைஞர் சற்றுக் கூச்சத்தோடு, "ஐயா எங்கே போகிறீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டார்.

"கொழும்புக்குத்தான். மகன் புறக்கோட்டையில கடையில நிக்கிறான். சாமான் கொஞ்சம் இருக்கு, ஒரு கை பிடிங்க தம்பி."

இளைஞர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மூட்டையின் மறுமுனையைத் தூக்கினார். லீக்ஸும் கரட்டும் என்று நினைக்கிறேன், நல்ல பாரம்.