ஆதுலசாலையின் ஐந்தாமவர்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் வள்ளுவர். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் (குறள் 950) நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கும் நிரலே வைக்கப்பெற்றுள்ளன. சரகரின் மருத்துவ நூலும் இதே நான்கினை மருத்துவத்தின் கால்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுக்கும். பரிமேலழகரும் தம் உரையில் ஒவ்வொரு கூறினையும் நான்காக விரிப்பார். வகுப்பறையில் இக்குறளை நடத்தும்போது நாம் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இந்நான்கும் ஓரிடத்தில், உரிய வேளையில், நாள் தவறாமல் கூடும்படி செய்பவர் யார்?

மருத்துவர் நோயாளியின் இல்லம் தேடி வந்த காலத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை. வீட்டாரே அப்பொறுப்பை ஏற்றனர். முன்பின் அறியாத நோயாளிகள் பலர் ஒரே கூரையின்கீழ்ப் படுத்திருக்கும் நிலை வந்தபோதுதான் ஐந்தாமவர் ஒருவர் தேவைப்பட்டார். இன்று அவரை மருத்துவமனை நிர்வாகி என்றும் மேலாளர் என்றும் அழைக்கிறோம். திட்டமிடல், ஆள் அமர்த்தல், பொருள் வழங்கல், நிதி, கண்காணிப்பு என அவருடைய பணிகளை மேலாண்மைப் பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. இப்பணிகள் பதினோராம் நூற்றாண்டில் எவ்வாறு நடைபெற்றன என்பதைக் காட்டும் கல்வெட்டு ஒன்று தமிழகத்தில் உள்ளது. சோழர் பெருமைக்குச் சான்றாக அதனைப் பலர் எடுத்தாண்டுள்ளனர். நாம் அதனை ஒரு நிர்வாக ஆவணமாகப் படித்துப் பார்ப்போம்.

திருமுக்கூடல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. காலம் ஏறக்குறைய கி.பி. 1068. ஐம்பத்தைந்து வரிகளில் நீளும் இக்கல்வெட்டை கே.வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராஃபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கோயிலுக்கு உரியதாக்கி, அவ்வருவாயை எவ்வெவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதையும் இக்கல்வெட்டு வரையறுக்கிறது. பூசை, விழா, வேதமும் இலக்கணமும் பயிற்றும் கல்விச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை ஒன்றும் அதில் இடம்பெறுகிறது. ஆதுலர் என்பார் நோயாளர், ஆதுலசாலை மருத்துவமனை. இது சோழ நாட்டின் முதல் ஆதுலசாலை அன்று. இராசராசனின் தமக்கை குந்தவை தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலையை முன்பே ஏற்படுத்தியிருந்தார். எனினும் ஒரு மருத்துவமனையின் ஆண்டுக் கணக்கு இத்துணை விரிவாக நமக்குக் கிடைப்பது திருமுக்கூடலில்தான்.

கல்லில் ஒரு வரவுசெலவுத் திட்டம்

ஆதுலசாலையில் படுக்கைகள் பதினைந்து. ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. பணியாளர்களையும் அவர்களுடைய ஆண்டு ஊதியத்தையும் கல்வெட்டு நிரலே தருகிறது. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு நெல் 90 கலமும் காசு 8உம். இவர் வழிவழியாக மருத்துவக்காணி உரிமை பெற்றவர். சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலமும் காசு 2உம். நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவருக்கு 30 கலமும் காசு 1உம். நோயாளருக்கும் மாணவருக்கும் பொதுவான நாவிதருக்கு 15 கலம்.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று கணக்கிட்டுப் பார்த்தால் எழுதியவரின் கை தெரிகிறது. கலத்துக்குக் குறுணி பன்னிரண்டு. குறுணிக்கு நாழி எட்டு. முப்பது கலம் என்பது 360 குறுணி. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டு, நாளுக்கு ஒரு குறுணி வீதம் அறுவை மருத்துவரின் ஊதியம் அமைந்திருக்கிறது. மருத்துவருக்கு நாளுக்கு மூன்று குறுணி. பேணும் பெண் ஒருவருக்கு அரைக் குறுணி. ஆதுலசாலையில் இரவில் எரியும் ஒரு விளக்குக்கும் இவ்வாறே கணக்கு உண்டு. இரவொன்றுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய். ஆண்டுக்கு 45 நாழி. நள்ளிரவில் வலியால் எழும் நோயாளி இருட்டில் தடுமாறக் கூடாது என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். அவ்வெண்ணத்தை எண்ணெயின் அளவாகவும் மாற்றியிருக்கிறார். இரக்கத்தை அளவாக மாற்றும் இச்செயலே நிர்வாகம்.

மருந்துப் பட்டியல் இதனினும் நுட்பமானது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகள் பெயரும் அளவுமாகக் குறிக்கப்பெற்றுள்ளன. வாசாஅரீதகி, தசமூலஅரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்பன அவற்றுட் சில. பட்டியலில் புராண கிருதம் என்னும் பழநெய்யும் உண்டு. பழநெய்யை நினைத்தவுடன் காய்ச்சி எடுக்க இயலாது. இவ்வாண்டு அது தேவையெனில், பல ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒருவர் நெய்யை எடுத்து மூடி வைத்திருக்க வேண்டும். இன்று முகம் அறியாத நோயாளி ஒருவருக்காக அன்றே ஒரு கலயத்தை ஒதுக்கி வைத்த முன்னறிவு அது. மருத்துவரின் அறிவு நோயாளி வந்தபின் தொழிற்படுவது. நிர்வாகியின் அறிவோ அவர் வருமுன்னரே தொழிற்பட்டாக வேண்டும்.

கல் சொல்லாதவை

இவ்வளவு விரிவான பட்டியலில் ஆதுலசாலைக்கென மேலாளர் எவரும் ஊதியம் பெறவில்லை. கோயில் நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே அது இயங்கியது. மருத்துவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. நெய்யை எடுத்து வைக்கச் சொன்னவரின் பெயரோ, எண்ணெயை அளந்து கொடுத்தவரின் பெயரோ ஆதுலசாலைப் பட்டியலில் இல்லை. மேலாண்மை என்னும் பணி செவ்வனே நடந்தால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. தவறும்போதுதான் நாம் பொறுப்பாளரைத் தேடுகிறோம்.

பெருமிதத்தோடு வாசிப்போர் கடந்துவிடக் கூடாத செய்திகளும் இக்கல்வெட்டில் உண்டு. நோயாளியின் அருகில் நெடுநேரம் இருக்க வேண்டிய பெண்டிருக்கு, மூலிகை கொணர்பவருக்குக் கிடைத்த நெல்லில் பாதியே கிடைத்தது. மருத்துவருக்குக் கிடைத்ததில் அது ஆறில் ஒரு பங்கு. இன்றைய மருத்துவமனைகளில் செவிலியர் ஊதியம் பற்றிப் பேசுவோருக்கு இவ்விகிதம் அந்நியமாகத் தோன்றாது. வள்ளுவர் நான்கில் ஒன்றாக வைத்துப் போற்றியவருக்குக் கணக்கேடு தந்த இடம் வேறு.

மற்றொன்று கல்லின் இயல்பைப் பற்றியது. கல்லில் வெட்டிய திட்டம் எளிதில் மாறாது. அதிகாரத்தில் இருப்போர் விருப்பம்போல் செலவைத் திருப்பிவிட இயலாதபடி அது காக்கும். அது அதன் வலிமை. ஆனால் பதினாறாம் நோயாளி வாயிலில் வந்து நின்றால் அந்தக் கல் என்ன செய்யும்? மழை பொய்த்து வயலைக்காவூரின் விளைச்சல் குறைந்தால் முதலில் எதனைக் குறைப்பது, விளக்கையா, அரிசியையா, மருந்தையா? இவ்வினாக்களுக்குக் கல் விடை தராது. அன்றன்று அங்கு நின்ற ஒரு மனிதர்தான் முடிவெடுத்தாக வேண்டும். திட்டத்தைக் கல்லில் வெட்டலாம். பொறுப்பை வெட்ட இயலாது.

இருப்பறையின் தொடர்ச்சி

மருந்து இருப்பு என்னும் பழைய சிக்கலுக்கு நம் காலத்தில் தமிழ்நாடு கண்ட ஒரு தீர்வையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1994ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வாயிலாக ஒருசேர வாங்கி, ஆய்வகங்களில் தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குவது அதன் பணி. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் தரப்பட்டது. ஒதுக்கப்பட்ட தொகைக்குள், தன் நோயாளிகளுக்கு எம்மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அம்மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். கேரளமும் இராசத்தானமும் பின்னர் இத்தகைய கழகங்களை ஏற்படுத்தின.

திருமுக்கூடலில் மருந்தின் பெயரும் அளவும் மேலிருந்தே வரையறுக்கப்பட்டன. இங்கோ தொகை மட்டும் வரையறுக்கப்பட்டு, தெரிவு நோயாளியின் அருகில் இருப்போரிடம் விடப்பட்டது. பதினாறாம் நோயாளியைப் பற்றிய வினாவுக்கு இது முழு விடையன்று. ஆயினும் அவ்வினாவை எதிர்கொள்ளும் இடத்துக்கு அதிகாரத்தை நகர்த்திய ஏற்பாடு என்று இதனைக் கொள்ளலாம்.

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மருத்துவரைப் பாடுகின்றனர், மருந்தை ஆராய்கின்றனர், கொடையளித்த மன்னரை வாழ்த்துகின்றனர். வேளைக்கு அரிசி வந்ததா, விளக்கு எரிந்ததா, கலயத்தில் நெய் உள்ளதா என்று நாள்தோறும் பார்த்தவரைப் பற்றி எழுத நமக்குச் செய்தி கிடைப்பதில்லை. திருமுக்கூடல் செல்லும் அன்பர்கள் மன்னனின் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடாமல், 45 நாழி எண்ணெய் என்னும் அந்தச் சிறு கணக்கின்முன்னும் சற்று நிற்க வேண்டுகிறோம்.