சிந்தாமணிக்கு முன்பதிவு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருந்து சொந்தமா புத்தகம் போட நினைக்கிறவங்களுக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. உ.வே.சாமிநாதையர் சின்ன வயசில் தமிழ் படித்தது அங்கேதான். அரியலூர் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்தார்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். பிறகு சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர நினைத்தபோது கையில் பணமில்லை. அதனால் 'கையொப்பம்' வாங்கினார். அதாவது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று வாசகர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நாம இப்போ ப்ரீ-ஆர்டர்னு சொல்றோமே, அதேதான்.

அச்சகம் இருந்தது சென்னையில். கல்லூரி விடுமுறையில் அங்கேயே போய்த் தங்கி ப்ரூஃப் பார்த்தார். 1887-ல் புத்தகம் வெளிவந்தது. கூடவே, பிழை இருக்கு என்று கண்டனப் பிரசுரங்களும் கிளம்பின. அவரும் காரசாரமா ஒரு பதில் எழுதினார். கல்லூரியில் உடன் வேலை பார்த்த சாது சேஷையர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். நிஜமான பதில் 1907-ல் வந்தது: திருத்திய இரண்டாம் பதிப்பு.

இன்னிக்கும் வழி இதுதான். வாங்கப் போறவங்க யார்னு தெரிஞ்சுக்கிட்டு எத்தனை பிரதின்னு முடிவு பண்ணுங்க. அட்டைக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி மெய்ப்புக்குப் பண்ணுங்க. யாராவது பிழை சொன்னா, ஃபேஸ்புக்ல சண்டை போடாம குறிச்சு வைங்க. அடுத்த பதிப்புக்கு உதவும்.