லீ ஆற்றங்கரையில் ஒன்பது குதிரைசக்தி



மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, எந்த எஞ்சினைப் பொருத்துவது என்பதே. சக்தியைக் கூட்டினால் எடையும் கூடும். எடையைக் குறைத்தால் சக்தி போதாது. நம் நியூஹாமின் மேற்கே ஓடும் லீ ஆற்றின் கரையில், சற்று வடக்கே, ஒருவர் இதே கேள்வியோடு போராடினார். அவர் அலியட் வெர்டன் ரோ.

கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது அல்பட்ராஸ் பறவைகளைக் கவனித்து, மாதிரி விமானங்கள் செய்யத் தொடங்கியவர் அவர். 1907இல் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடந்த டெய்லி மெயில் போட்டியில், ரப்பர் முறுக்கில் பறந்த அவருடைய மாதிரி 75 பவுண்டு பரிசு பெற்றது.

அதையே ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாகக் கட்டினார். சிறிய ஜே.ஏ.பி. எஞ்சினால் அதைத் தூக்க முடியவில்லை. பிரான்சின் 24 குதிரைசக்தி அன்ட்வானெட் எஞ்சினை இரவல் வாங்கிப் பொருத்தினார். 1908 ஜூன் 8 அன்று புரூக்லண்ட்ஸில் விமானம் தரையை விட்டு எழும்பியது என்றார். பின்னாளில் விசாரித்த குழு அதை முதல் பறப்பாக ஏற்கவில்லை.

ரோ சோர்ந்துபோகவில்லை. வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே பட்டறை போட்டார். பெரிய எஞ்சினுக்குப் பணமில்லை. ஆகவே விமானத்தை இலேசாக்கினார். மரச்சட்டம், மூன்று அடுக்கு இறக்கைகள், அவற்றின்மேல் எண்ணெய்த் தாள். டாட்டன்ஹாமில் தயாரான 9 குதிரைசக்தி ஜே.ஏ.பி. எஞ்சின், இன்று ஊரில் ஓடும் ஸ்கூட்டரின் சக்திக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

முந்தைய விமானத்தில் பின்னால் இருந்த எஞ்சினை இம்முறை மூக்குப் பக்கம் வைத்தார். ஓட்டுபவர் பின்னே உட்கார்ந்தார். இரண்டு பாரமும் இறக்கையின் இருபுறமும் சமன்பட்டால்தான் விமானம் நிமிர்ந்து பறக்கும். மாதிரி விமானத்திலும் எஞ்சினைச் சற்று முன்னே, பின்னே நகர்த்திப் பார்ப்பது இதற்காகவே.

1909 ஜூலை 13 அன்று அது சுமார் 30 மீட்டர் பறந்தது; ஜூலை 23 அன்று சுமார் 275 மீட்டர். பிரிட்டிஷ் எஞ்சின் பூட்டிய பிரிட்டிஷ் விமானத்தில் ஒரு பிரிட்டிஷ்காரர் பறந்தது அதுவே முதல்முறை. இரண்டு நாள் கழித்து, 25 குதிரைசக்தி எஞ்சினோடு பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். உலகம் அவரையே பேசியது. ஆனால் ரோ 1910இல் தொடங்கிய ஆவ்ரோ நிறுவனம்தான் பின்னாளில் லங்காஸ்டர் விமானத்தைத் தந்தது.

அந்தத் தாள் விமானம் இன்று சவுத் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடுமுறையில் போய்ப் பாருங்கள். அடுத்த மாதிரிக்கு எஞ்சின் வாங்கும் முன், கடைக்கு ஓடாமல் முதலில் தராசை எடுங்கள்.