நியூயோர்க்கின் அனர்த்தத் தணிப்புத் திட்டமும் நிலக்கீழ் வீடுகளில் வாழும் எம்மவரும்

நியூயோர்க் மாநகரம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இயற்கை அனர்த்தத் தணிப்புத் திட்டம் ஒன்றைப் புதுப்பிக்கிறது. முதலாவது திட்டம் 2009இல் வந்தது. பின்னர் 2014, 2019, 2024 எனச் சுற்றுகள் தொடர்ந்தன. பல நூறு பக்கங்களுக்கு விரியும் இந்த ஆவணத்தை எம்மவர்களில் வாசித்தவர் மிகக் குறைவு. ஆனால் எந்தத் தெருவின் வடிகால் முதலில் பெருப்பிக்கப்படும், எந்தக் கரையில் தடுப்புச் சுவர் எழும், எந்த வீடுகள் விலைக்கு வாங்கி இடிக்கப்படும் என்பவற்றுக்கான அடிப்படைக் கணக்கு இதில்தான் எழுதப்படுகிறது. குயீன்ஸிலும் ஸ்ரேற்றன் தீவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதன் அமைப்பை அறிந்திருப்பது பயன் தரும்.

சட்டம் என்ன கேட்கிறது?

2000ஆம் ஆண்டின் அனர்த்தத் தணிப்புச் சட்டமே இதற்கு மூலம். அனர்த்தம் வந்தபின் நிவாரணம் கொடுப்பதோடு நில்லாமல், வருமுன் இழப்பைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெமா எனப்படும் மத்திய அவசரகால முகாமை நிறுவனத்தின் தணிப்பு நிதியைப் பெற விரும்பும் நகரம், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட திட்டமொன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் அந்த நிதிக்கான தகுதி போய்விடும். பொதுவாக, இவ்வகை வேலைகளின் செலவில் 75 வீதம் வரை மத்திய அரசும் எஞ்சியதை மாநிலம் அல்லது நகரமும் ஏற்கின்றன.

திட்டத்தில் இருக்க வேண்டியவை தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. என்னென்ன இடர்கள் உண்டு, அவற்றால் எவை சேதமாகும், இழப்பைக் குறைக்க என்ன வேலை செய்யப்படும், அதைச் செய்யும் பொறுப்பு எந்தத் திணைக்களத்துக்கு என்பவற்றை எழுத வேண்டும். புதுப்பிக்கும்போது, சென்ற ஐந்து ஆண்டில் சொன்ன வேலைகளில் எவை நடந்தன என்பதையும் காட்ட வேண்டும். வரைவு எழுதப்படும் காலத்திலும், இறுதி ஒப்புதலுக்கு முன்பும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடைசி விதியைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

இரண்டு வெள்ளங்கள்

2012 ஒக்ரோபர் 29 இரவு சான்டி சூறாவளியின்போது கடல் நகருக்குள் வந்தது. நகரின் நிலப்பரப்பில் சுமார் 17 வீதம் நீரில் மூழ்கியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்ரேற்றன் தீவைச் சேர்ந்தவர்கள். நகருக்கு ஏற்பட்ட இழப்பு 19 பில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. இதன்பின் திட்டங்களில் கரையோரம் பெரிய இடத்தைப் பிடித்தது. ஸ்ரேற்றன் தீவின் ஓக்வுட் பீச் பகுதியில், விரும்பியவர்களின் வீடுகளைப் புயலுக்கு முந்திய பெறுமதிக்கு மாநில அரசு வாங்கி இடித்து, நிலத்தை வெறுமையாக விட்டது.

2021 செப்டெம்பர் 1 இரவு வந்த ஐடா வேறு வகையானது. கடல் ஏறவில்லை, வானம் கொட்டியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குல மழை பதிவானது. அதற்கு முந்திய பதிவான 1.94 அங்குலம் பதினொரு நாட்களுக்கு முன்புதான் வந்திருந்தது. நகரின் புதிய வடிகால்களே மணிக்குச் சுமார் 1.75 அங்குல மழைக்காகத்தான் அமைக்கப்பட்டவை. மிகுதி நீர் தெருவில் ஓடி, தாழ்ந்த கதவுகளைத் தேடிப் போயிற்று. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலக்கீழ் வீடுகளில் இருந்தவர்கள். பெரும்பாலானோர் குயீன்ஸ்வாசிகள், குடிவரவுக் குடும்பத்தினர் பலர்.

மழைநீர் எங்கே தேங்கும் என்பதைக் காட்டும் வரைபடங்களை நகரம் முதன்முதலாக 2021 மே மாதத்தில், அதாவது ஐடாவுக்குச் சில மாதங்கள் முன்னர்தான் வெளியிட்டது. அதுவரை சாதாரண மனிதர் பார்த்து வந்த பெமா வெள்ள வரைபடங்கள் கடலும் ஆறும் பெருகுவதையே கணித்தன. கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம், எமக்குப் பயமில்லை என்று பலர் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கில் வராத வீடுகள்

பேஸ்மென்ற் என்று நாம் பொதுவாகச் சொல்வதை நகரச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. உயரத்தில் பாதியாவது தெருமட்டத்துக்கு மேலே இருந்தால் அது பேஸ்மென்ற். பாதிக்கு மேல் தரைக்குக் கீழே இருந்தால் அது செலர். பேஸ்மென்றைச் சில நிபந்தனைகளோடு வாடகைக்கு விடலாம். செலரைப் பெரும்பாலும் விட முடியாது. நடைமுறையில் இரண்டிலும் மக்கள் வாழ்கிறார்கள். இத்தகைய வீடுகள் குறைந்தது 50,000 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஐடாவில் மரணங்கள் நிகழ்ந்த நிலக்கீழ் வீடுகளில் ஒன்றைத் தவிர ஏனையவை அனுமதி பெறாதவை என்று நகரக் கட்டடத் திணைக்களம் அப்போது கூறியது.

இங்கேதான் சிக்கல். தணிப்புத் திட்டம் என்பது ஒரு வகையில் நகரத்தின் ஐந்தொகை. சொத்து எவ்வளவு, ஆபத்தில் இருப்பது எவ்வளவு, செலவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கிறது. ஏட்டில் இல்லாத வீடு அந்தக் கணக்கில் ஏறாது. இரண்டு மாடி வீடு என்று பதிவில் இருக்கும் கட்டடத்தின் அடியில் நான்கு பேர் உறங்குகிறார்கள் என்பது எந்த நிரலிலும் இல்லை.

பெமா நிதி கேட்கும் ஒவ்வொரு வேலைக்கும் நன்மை–செலவு ஒப்பீடு காட்டப்பட வேண்டும். வடிகால் ஒன்றைப் பெருப்பிக்க ஆகும் செலவைவிட, அதனால் தவிர்க்கப்படும் இழப்பு கூடுதலாக இருக்க வேண்டும். விலையுயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில் தவிர்க்கப்படும் இழப்பு இலகுவில் பெரிய தொகையாகிவிடும். வாடகைக்கு இருப்பவரின் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் பிள்ளையின் புத்தகங்களும் சிறு தொகை. எதிர்கால நன்மையை இன்றைய பெறுமதிக்குக் கழித்துப் பார்ப்பது இன்னொரு படி. நீண்டகாலம் பயன்படுத்தப்பட்ட 7 வீதக் கழிவில், 50 ஆண்டுகளுக்குப் பின் காப்பாற்றப்படும் ஒரு டொலரின் இன்றைய பெறுமதி மூன்று சதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. கணக்கு முறையில் பிழையில்லை; ஆனால் இப்படிப்பட்ட கணக்கில் மக்கள் தொகையும் விடுபட்டால், அந்தத் தெரு வரிசையில் கடைசிக்குப் போய்விடும். வசிப்பவர் எண்ணிக்கை சரியாகத் தெரிந்தால், காப்பாற்றப்படக்கூடிய உயிர்களின் பெறுமதியும் ஒப்பீட்டில் சேரும். அது தொகையை முற்றாக மாற்றக்கூடியது.

2024 டிசம்பரில் மாநகரசபை நிறைவேற்றிய ‘சிற்றி ஒவ் யெஸ்’ எனும் வீட்டுத் திட்டம், சில பகுதிகளில் நிலக்கீழ் வீடுகளைச் சட்டபூர்வமாக்க வழி திறந்தது. வெள்ள அபாயம் உள்ள இடங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள் இன்னும் ஏட்டுக்கு வெளியேதான்.

நிதியும் உறுதியானதல்ல. நகரங்களின் தணிப்பு வேலைகளுக்குப் பணம் கொடுத்துவந்த ‘பிறிக்’ என்ற பெமா நிதித்திட்டத்தை முடிப்பதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து 20 மாநிலங்கள் வழக்குத் தொடர்ந்தன. பணம் சுருங்கும் காலத்தில் வரிசையில் யார் முன்னால் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

காப்புறுதி பற்றி ஓர் எச்சரிக்கை

சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக் கட்டடத்துக்கு 250,000 டொலர் வரையும், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 100,000 டொலர் வரையும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் பொருட்களுக்கு எடுக்கலாம். பொதுவாக 30 நாட்கள் கழிந்த பின்பே அது நடைமுறைக்கு வரும். புயல் செய்தி கேட்டபின் ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை.

நான்கு பக்கமும் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கும் பொருட்களுக்கு இந்தக் காப்புறுதி மிகக் குறைவாகவே பொறுப்பேற்கிறது. சலவை இயந்திரம், உலர்த்தி, உறைபெட்டியும் அதிலுள்ள உணவும் போன்ற சிலவே அதில் அடங்கும். கட்டில், உடுப்பு, தொலைக்காட்சி, கணினி அடங்கா. நிலக்கீழ் வீட்டில் இருப்பவர் தவணைப்பணம் கட்டுமுன் இதை முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு அனர்த்தம் எனப் பிரகடனம் செய்தால் கிடைக்கும் குடும்ப நிவாரணப் பணத்துக்கு அமெரிக்கப் பிரசைகளும், பச்சை அட்டைக்காரரும், அகதி அல்லது அரசியல் தஞ்சம் வழங்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாத பெற்றோர், இங்கு பிறந்த பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்க முடியும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தெருவைப் பதிவில் ஏற்றுவது. 311 இலக்கத்துக்கு அழைத்து, தெருவில் வெள்ளம் நிற்பதையும் வடிகால் வாய் அடைபட்டிருப்பதையும் முறையிடலாம். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். அது நகரத்தின் தரவில் சேரும். தெரு வெள்ளத்தை முறையிடுவது வேறு, வீட்டின் சட்டநிலையை முறையிடுவது வேறு. பின்னையது கட்டடத் திணைக்களத்தின் பரிசோதனைக்கும் சிலவேளை வீட்டைவிட்டு வெளியேறும் உத்தரவுக்கும் இட்டுச்செல்லலாம். இந்தப் பயத்தால் பலர் இரண்டையும் செய்யாமல் இருக்கிறார்கள். தெருச்சந்தியின் பெயரைச் சொல்வதற்கு வீட்டின் உள்விபரம் தேவையில்லை.

இரண்டாவது, மொழி. 2017ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டப்படி நகரத் திணைக்களங்கள் பத்து மொழிகளில் முக்கிய ஆவணங்களைத் தருகின்றன. வங்காளமும் உருதுவும் அதில் உள்ளன, தமிழ் இல்லை. ஆனால் அதே சட்டம் குறைந்தது 100 மொழிகளில் தொலைபேசி மொழிபெயர்ப்பைக் கோருகிறது. “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேட்கத் தயங்கக்கூடாது. கேட்கும் எண்ணிக்கை கூடினால்தான் தேவை இருப்பது தெரியவரும்.

மூன்றாவது, கருத்துச் சொல்லும் காலம். தனியே எழுதப் பயப்படுபவர்களுக்காகக் கோவில் நிர்வாகமோ தமிழ்ப் பாடசாலையோ ஊர்ச்சங்கமோ கூட்டாக எழுதலாம். எந்தச் சந்தி, எந்தத் திகதி, எத்தனை அங்குலம் நீர், எவ்வளவு நேரத்தில் வடிந்தது, அந்தத் தெருவில் ஏறத்தாழ எத்தனை பேர் தரைக்குக் கீழே வசிக்கிறார்கள் என்று பட்டியலாக எழுதினால் போதும். திட்டத்தை எழுதுபவர்களுக்கு உருக்கமான கடிதத்தைவிட இந்தப் பட்டியல் பயன்படும்.

நான்காவது, வீட்டுக்குள். பிறப்புச் சான்றிதழ், குடிவரவுக் கடிதங்கள், வரிப் பத்திரங்கள் மேல்தளத்தில் தெரிந்தவரிடம் இருக்கட்டும், படியெடுத்தும் வைக்கவும். பொருட்களைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தால் பொருட்களைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் உடனே மேலே ஏறுங்கள். வெளியே நீர் உயர்ந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது. ஐடா இரவில் பலர் அப்படித்தான் உள்ளே அகப்பட்டார்கள்.

மற்ற நகரங்களில் வாழும் வாசகர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள உண்டு. 2013 யூலை 8இல் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகி, நகரில் பல பேஸ்மென்றுகள் நீரில் மூழ்கின. கனடாவில் கழிவுநீர் மேலெழும் சேதத்துக்கும் வெள்ளத்துக்குமான காப்புறுதி பொதுவாகத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நியூயோர்க்கின் அடுத்த சுற்றுக்கு ஆண்டு 2029. வரைவு வேலைகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். எமது தெருக்களின் பட்டியலை இந்த ஆண்டு மழையிலிருந்தே எழுதத் தொடங்கினால், அந்த நேரத்தில் கையில் மூன்று நான்கு ஆண்டுப் பதிவு இருக்கும்.